செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய முத்தில்லாத கொலுசு, பத்து மாதம் கழித்து

2025 பிப்ரவரியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வெள்ளிக் கடையில் 32 கிராமில் ஒரு ஜோடிக் கொலுசு வாங்கினேன், எல்லாம் சேர்த்து 5,010 ரூபாய். என் காதலிக்கு. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் "சூப்பர் கடை, சூப்பர் கொலுசு" என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் நகை என்பது கடைக் கண்ணாடியில் பார்க்கிற பொருள் கிடையாது, வியர்வையிலும் தண்ணீரிலும் தினமும் கிடக்கிற பொருள். பத்து மாதம் அவள் காலில் கிடந்த பிறகு என்ன ஆனது, எங்கே கறுத்தது, எது கழன்றது என்று எல்லாம் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். காதலிக்கு நகை வாங்கப் போகிற யாருக்காவது உதவட்டும்.

அவள் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் ஐசியூ நர்ஸ். என்ன வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த வேலைக்கும் நகைக்கும் எவ்வளவு தூரம் என்று புரிந்தது. மோதிரம் கூடாது, வளையல் கூடாது, பிரேஸ்லெட் கூடாது. ஒரு ஷிஃப்டில் எத்தனையோ தடவை கை கழுவ வேண்டும், உறை மாட்ட வேண்டும், மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கிவிடும். முழங்கைக்குக் கீழே எதுவுமே இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. கழுத்தில் புதுசாக ஒரு செயின் தெரிந்தால் மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போகும்போது அம்மா முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார். எங்கள் விஷயம் இன்னும் அவள் வீட்டில் சொல்லவில்லை. காதில் பாட்டி கொடுத்த தங்கத் தோடு, அதை அவள் கழற்றவே மாட்டாள். ஆக, கை போச்சு, கழுத்து போச்சு, காது போச்சு.

இதெல்லாம் யோசிக்காமல் அதற்கு முந்தின பிறந்தநாளுக்கு ஒரு செயின் வாங்கிக் கொடுத்தேன். "வெள்ளி, தங்க முலாம்" என்று சொல்லி விற்றார்கள், நானும் 1,800 ரூபாய் கொடுத்தேன், பில் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவந்து பொரிப்பொரியாக வந்திருக்கிறது, அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் வீடியோ காலில் கழுத்தில் களிம்பு பூசியிருந்ததைப் பார்த்து நானே கேட்ட பிறகுதான், "நீ ஆசையா வாங்கிக் கொடுத்த, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அது எனக்கு ரொம்ப நாள் மனதில் நின்றது. அவள் வேலை செய்யும் இடத்திலேயே தோல் டாக்டரிடம் காட்டியதில் நிக்கல் ஒவ்வாமை என்று சொன்னார்கள். மலிவான நகைகளில் அடி உலோகத்திலோ முலாமுக்கு அடியிலோ நிக்கல் இருக்கும், மேல் பூச்சு தேய்ந்து வியர்வை பட்டால் அது தோலில் இறங்கும். கவரிங்கோ முலாம் பூசியதோ வாங்குகிறவர்கள், அவளுக்கு ஏற்கெனவே ஜீன்ஸ் பட்டனோ வாட்ச் பின்பக்கமோ பட்டு அரித்திருக்கிறதா என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள். அரித்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்தத் தடவை தங்கம்தான் என்று முடிவு செய்து முதலில் போனது ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய நகைக்கடைக்கு. பெயர் வேண்டாம். குடிக்க ஜூஸ் கொடுத்தார்கள், உட்கார வைத்தார்கள், முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" பத்தாயிரத்துக்குள் என்றதும் நேராக ஒரு இதய வடிவ டாலர் தட்டு வந்தது. நடுவில் வெள்ளைக் கற்கள். எடை 1.180 கிராம். அன்றைக்கு ஆபரணத் தங்கம் கிராம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கணக்குப் போட்டுக் காட்டிய சீட்டில் முழு 1.180 கிராமுக்கும் தங்க விலை, அதற்கு மேல் 18 சதவீதம் சேதாரம், அதற்கு மேல் கல்லுக்குத் தனி விலை. கல்லின் எடை எவ்வளவு என்று கேட்டேன், 0.160 கிராம் என்றார்கள். அப்படியானால் கல்லுக்கே ஒரு தடவை தங்க விலையும் ஒரு தடவை கல் விலையும் வாங்குகிறீர்களா என்றால் பதில் இல்லை, சூப்பர்வைசர் வந்து "எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்" என்றார். எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. கல் எடையைக் கழித்து நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போட வேண்டும், பில்லில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த 0.160 கிராம் என்பது சேதாரம் சேர்க்காமலே ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். பத்தாயிரம் பட்ஜெட்டில் அது சின்னத் தொகை கிடையாது.

அடுத்து ஹால்மார்க், அதாவது தரத்தைச் சோதித்துப் போடும் முத்திரை, எங்கே என்று டாலரைத் திருப்பிப் பார்த்தேன், எதுவும் இல்லை. "இரண்டு கிராமுக்குக் கீழே ஹால்மார்க் தேவையில்லை சார், 916தான்" என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூனில் இருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆகி, 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி என்கிற, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாமல் விற்கக் கூடாது என்று வந்துவிட்டது, ஆனால் 2 கிராமுக்கு உட்பட்ட நகைக்கு விலக்கு உண்டு. இப்போது யோசித்துப் பாருங்கள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன ஒருவன் காதலிக்கு வாங்கக் கூடிய தங்கம் எவ்வளவு? சின்ன டாலர், சின்னத் தோடு, மெல்லிய மோதிரம், மூக்குத்தி. எல்லாமே அந்த 2 கிராமுக்குள்தான். நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற நகைதான் சோதனை இல்லாமல் கடைக்காரர் வாய் வார்த்தையை நம்பி வாங்க வேண்டிய நகையாக இருக்கிறது. விலக்கு என்றால் போடக் கூடாது என்று அர்த்தம் இல்லை, எச்யுஐடி போட்ட சின்ன நகைகளும் கிடைக்கின்றன. தேடி அதையே கேளுங்கள். மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோண வடிவ முத்திரை, 22கே916 என்பது போலத் தரம், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தை பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே தட்டிப் பாருங்கள், நகை மோதிரமா தோடா, என்ன தரம், எந்த மையத்தில் சோதித்தது என்று வரும். கையில் இருப்பது மோதிரம், செயலி வளையல் என்று காட்டினால் எழுந்து வந்துவிடலாம். வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம், நான்கு நகை வரை 200 ரூபாய்தான் கட்டணம்.

நான் அந்த டாலரை வாங்கவில்லை. வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபோது உண்மையில் உறுத்தியது பணம் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாருக்கு வாங்குகிறேன், அவர் என்ன வேலை செய்கிறார், எப்போது போடுவார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாலர் வாங்கியிருந்தால் அது அவள் ஹாஸ்டல் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்திருக்கும்.

கொலுசு என்ற யோசனை அவளுடைய ரூம்மேட் கொடுத்தது. "அவ பழைய கொலுசு அறுந்து ஆறு மாசம் ஆச்சுண்ணா, வெறுங்காலோட இருக்கிறத அவங்கம்மாவே திட்டிட்டு இருக்காங்க" என்றது அந்தப் பெண். அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. காலில் தங்கம் போடக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற வழக்கம், அதனால் வெள்ளிதான். மெட்டி போல இதற்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லை. புதுக் கொலுசு போட்டு வந்தால் எந்த அம்மாவும் சந்தோஷம்தான் படுவார். அளவு மட்டும் தெரிய வேண்டும். கொலுசு அங்குலக் கணக்கு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 9.5 முதல் 11 வரை, அரை அரையாக ஏறும். அந்த அறுந்த கொலுசை நூலால் அளந்து, நூலை ஸ்கேலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 10 அங்குலம். பழைய கொலுசு கிடைக்காவிட்டால் கணுக்காலைச் சுற்றி நூல் போட்டு, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விட்டு அளக்கலாம். ஆனால் அதற்கு அவளுக்குத் தெரிந்துவிடும்.

சேலத்தில் இருந்துகொண்டு கொலுசை வேறெங்கே போய் வாங்குவது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், சத்தம் வருகிற அந்தக் குட்டி மணியான முத்தைக் கோக்கிறது ஒரு இடம், மெருகு போடுவது ஒரு இடம், ஒரு கொலுசு பல கை மாறித்தான் கடைக்கு வரும். பழைய பேருந்து நிலையத்தில் இருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, வரிசையாக இருந்த கடைகளில் நான்காவதாக ஏறியது இந்தக் கடை. பத்தடி அகலம்தான் இருக்கும். கல்லாவில் ஒரு அக்கா.

"ஒரு ஜோடிக் கொலுசு பாக்கணுங்க்கா, பத்து இஞ்ச்" என்றேன். தட்டை எடுக்கவில்லை. "யாருக்குங்க தம்பி? தினமும் போடறதா, விசேஷத்துக்கா?" என்றார். தினமும், நர்ஸ் வேலை என்றேன். "ஷூ, சாக்ஸ் போடுவாங்களா? நைட் டூட்டி உண்டா?" இரண்டுக்கும் ஆமாம் என்றதும், நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த முத்து வைத்த கெட்டிக் கொலுசுத் தட்டை ஓரமாகத் தள்ளினார். "இது ராத்திரி வார்டுல நடந்தா நோயாளி தூக்கம் போயிரும், அவங்களே கழட்டி வெச்சிருவாங்க. சாக்ஸ்குள்ள முத்து அழுத்தி ராவும். எனாமல் வேண்டாம், ஷூ உரசி உதிரும்." பிறகு எடுத்து வைத்தது முத்தே இல்லாத, தட்டையான சங்கிலிக் கொலுசு. கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழிகிறது. காலுக்கு 16 கிராம். இதைவிட மெல்லியது வேண்டாமா என்று கேட்டதற்கு, மெல்லியது சாக்ஸ் நூலில் மாட்டி அறும் என்றார். இந்த நான்கைந்து கேள்விக்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மார்க் கொடுப்பேன்.

வெள்ளியின் தரத்தை இங்கே "டச்" என்று சொல்வார்கள். 70 டச் என்றால் நூற்றுக்கு எழுபது வெள்ளி, மீதி செம்பு மாதிரி வேறு உலோகம். 925 என்றால் 92.5. வழக்கமான முத்துக் கொலுசுகளில் பற்றவைப்பு அதிகம், டச் குறைவாகத்தான் இருக்கும், அதை அந்த அக்கா மறைக்கவில்லை. தட்டைக் காட்டி, "இது எழுபது, திருப்பிக் கொண்டாந்தா எழுபதுக்குத்தான் காசு வரும், நீங்க எடுக்கிறது தொண்ணூத்திரண்டரை, செய்கூலி ஜாஸ்தி, ஆனா திருப்பிக் கொண்டாந்தா விலை நிக்கும்" என்றார். பழைய வெள்ளி போடப் போகும்போது பலர் சண்டை போடுவது இந்த இடத்தில்தான், வாங்கும்போது யாரும் டச் கேட்பதில்லை.

கொலுசில் கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று அச்சு இருந்தது. இதை ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வெறும் 925 அச்சு ஹால்மார்க் ஆகாது, அது செய்தவர் தன் பொருளைப் பற்றிச் சொல்கிற சொல், அவ்வளவுதான். பிஐஎஸ் முத்திரையும் சேர்ந்து இருந்தால்தான் வெளியே ஒரு மையம் சோதித்தது என்று பொருள். வெள்ளிக்கு அது கட்டாயம் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் எச்யுஐடி வந்திருக்கிறது, ஆனால் ஹால்மார்க் போடுவதே கடைக்காரர் விரும்பினால்தான். நான் வாங்கியபோது அதுவும் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவன் என்பதால் சோதித்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அக்கா முகம் சுளிக்கவில்லை, பையனைக் கூட அனுப்பி ரெண்டு கடை தள்ளி டச் பார்க்கும் கடைக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார். மெஷினில் வைத்து மூன்று இடத்தில் பார்த்தார்கள். சங்கிலியில் 92.6, இன்னொரு இடத்தில் 92.5, கொக்கி பற்றவைத்த இடத்தில் மட்டும் 90 சொச்சம். பற்றவைக்கிற பொடியில் வெள்ளி குறைவு, அந்த இடம் குறைத்துக் காட்டுவது இயல்பு. இந்த மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும், தடிமனாக முலாம் போட்டிருந்தால் ஏமாறலாம் என்பதையும் அந்தக் கடைக்காரரே சொன்னார்.

கணக்கு இப்படி வந்தது. அன்று வெள்ளி கிராம் 107 ரூபாய், 32 கிராமுக்கு 3,424. செய்கூலி கிராமுக்கு 45 வீதம் 1,440. இரண்டும் சேர்த்து 4,864, அதற்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 146, ஆக 5,010. செய்கூலி அதிகம்தான், வெள்ளி விலையில் நாற்பது சதவீதத்துக்கு மேல். 925-ல் மெல்லிய வேலை என்றால் இப்படித்தான் இருக்கிறது என்று மற்ற மூன்று கடையிலும் கேட்டதில் தெரிந்தது, அங்கே 50-க்குக் குறைத்து யாரும் சொல்லவில்லை.

கடையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பில் கேட்ட பிறகுதான் எழுதினார்கள், முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எடையும் தொகையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி இல்லாமல் கொடுத்துவிடலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம், பில்லில் 925 என்று எழுதிக் கொடுங்கள் என்று நின்று வாங்கினேன். இந்த இடத்தில் யாரும் வெட்கப்படாதீர்கள், நூற்று நாற்பத்தாறு ரூபாய் மிச்சம் பிடித்தால் நாளைக்குப் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது. கார்டு கிடையாது, ஜிபே மட்டும். பைக் நிறுத்த இடமில்லை. பரிசுப் பெட்டி என்று ஒன்றும் இல்லை, வெள்ளிக்குச் சுற்றும் அந்த ரோஸ் தாளில் சுற்றி ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டி வாங்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே கொடுத்தேன், எனக்கு அந்த ரோஸ் தாள் பிடித்திருந்தது.

இனி கொலுசு. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நாலாவது மாதம் டூட்டி முடிந்து சாக்ஸைக் கழற்றியபோது ஒரு கால் கொலுசு சாக்ஸோடு வந்துவிட்டது, கொக்கி விரிந்திருக்கிறது. சாக்ஸ் இல்லாமல் செருப்போடு போயிருந்தால் பஸ்ஸில் எங்கேயோ விழுந்திருக்கும். கடைக்கு எடுத்துப் போனேன். கொக்கியை வெட்டிவிட்டுத் திருகு வைத்துக் கொடுத்தார்கள், இரண்டு காலுக்கும் சேர்த்து 150 ரூபாய் வாங்கினார்கள். தினமும் போடுகிற ஆள் என்று தெரிந்தே விற்றவர்கள் முதலிலேயே திருகு வைத்துக் கொடுத்திருக்கலாம், இதை அந்த அக்காவிடமே சொன்னேன், ஆமாம் தம்பி என்று ஒத்துக்கொண்டார். நீங்கள் வாங்கினால் முதலிலேயே திருகு கேளுங்கள். போட, கழற்றக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் விழாது.

கறுப்பது பற்றிக் கேட்பீர்கள். கறுக்கும். 925 என்பதால் கறுக்காது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்ப வேண்டாம், காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கத்தான் செய்யும். கலப்பு உலோகம் சேர்ந்த வெள்ளி என்பதால் சுத்த வெள்ளியைவிடச் சீக்கிரமே கறுக்கும். ஷூவுக்குள் வியர்வையில் கிடப்பதால் இவளுக்கு மாதம் ஒரு தடவை மங்கிவிடுகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கும் எண்ணெயும் போகும். நிஜமாகவே கறுத்திருந்தால் ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் கறுப்பு வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். லேசாக முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிச் செய்த ஆன்டிக் மாடலுக்கும், கல், எனாமல் வைத்ததற்கும் இதைச் செய்யக் கூடாது, அந்த அழகே போய்விடும். தரை துடைக்கும் பிளீச் தண்ணீர் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும், மருத்துவமனையில் அது ஒன்றுதான் அவளுக்குத் தொல்லை. தோலில் இதுவரை ஒரு சிவப்பும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

கொடுத்த அன்று ஈரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். ரோஸ் தாளைப் பிரித்ததும் அவள் முதலில் செய்தது, கொலுசைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தது. சத்தம் வரவில்லை. "அப்ப டூட்டிக்கும் போடலாம்" என்றாள். மேசைக்கு அடியில் குனிந்து அங்கேயே போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் ரிப்பேர், கழுவுவது மாதிரி அவசியத்துக்குத் தவிர அதிகம் கழற்றுவதே இல்லை.

ஊருக்குப் போனபோது அம்மா பார்த்திருக்கிறார். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு, சேலத்தில் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மா கையில் எடுத்து, எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல வெள்ளி என்றாராம். போன வாரம் எனக்கு ஒரு படம் வந்தது, ஸ்கேல் மேல் வைத்த ஒரு நூல். கீழே, "அம்மாவுக்கு, பத்தரை. முத்து கட்டாயம் வேணுமாம்." நான் வாங்கியதற்கு அப்புறம் வெள்ளி விலை ரொம்ப ஏறிவிட்டது. அம்மாவுக்கு எழுபது டச் போதுமா, 925 எடுக்கலாமா என்று அந்த அக்காவிடம்தான் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.